அஞ்சு லட்சம் கிலோமீட்டர்காரர்

சிவப்பு விளக்கு நம் கண்ணில் படுவதற்கு முன்பே அவருடைய கால் பிரேக்குக்குப் போய்விடும். மிதிக்க மாட்டார். தூங்குகிற குழந்தைக்குப் போர்வையை இழுத்துவிடுகிற பக்குவத்தில் தொடுவார். திரையில் பேட்டரிப் படத்துக்குள் ஒரு பச்சைக் கட்டம் ஏறும். பின்னால் வருகிறவன் பொறுமையிழந்து ஹாரனை அழுத்துவான். "அடிக்கட்டும் சார். பிரேக்குங்கறது நிக்கறதுக்கு மட்டுமா? சேத்து வெக்கறதுக்கு. அவன் சூடாக்கிக் காத்துல விடறான், நான் கரண்டாக்கி உள்ள போட்டுக்கறேன்" என்பார்.

டாக்சி ஸ்டாண்டில் அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. 'அஞ்சு லட்சம்' என்றால் போதும். பெட்ரோல் எஞ்சினும் மின்மோட்டாரும் மாறி மாறி இழுக்கும் ஹைப்ரிட் வண்டி. ஐந்து லட்சம் கிலோமீட்டர் தாண்டிவிட்டது. வண்டியோடு வந்த பேட்டரிதான் இன்னும். மைலேஜ் லிட்டருக்கு இருபத்திரண்டு கிலோமீட்டருக்குக் கீழே குறைந்ததில்லை. எங்கே போனாலும் அரைமணி முன்னதாகப் போய் நிற்க வேண்டிய என் பதற்றத்துக்கு, இந்த ஊரில் கிடைத்த ஒரே மருந்து அவருடைய நிதானம்.

டிக்கியில் வேண்டாத துரும்பு இருக்காது. பயணியின் பெட்டி கனமாக இருந்தால் அதைப் பார்வையாலேயே திட்டுவார். மேடு ஏறும்போது வண்டிக்குக் கைகொடுப்பவர்போல உடம்பை முன்னால் சாய்த்துக்கொள்வார். ஒருமுறை அவருடைய மனைவி உடன் வந்தார். "வீட்லயும் இதே கதைதான். ஒரு தோசைக்கரண்டி எண்ணெய்க்கு எவ்ளோ தூரம் ஓடலாம்னு கேப்பாரு" என்றார். இவர் வெட்கப்பட்டுச் சிரித்தார். காது வரைக்கும் போகிற சிரிப்பு.

அந்தச் சிரிப்பைப் பார்த்துக் கொஞ்ச காலமாகிறது. இப்போதெல்லாம் மைலேஜ் பற்றி யாராவது கேட்டால் ரேடியோவைக் கூட்டுகிறார். ஸ்டாண்டில் முதல் ஆளாக நின்றவர், கடைசியில் குப்பைத்தொட்டி ஓரமாக நிறுத்துகிறார். காரணத்தை ஒருநாள் அவராகவே சொன்னார், கண்ணாடியில் என்னைப் பார்க்காமல்.

மனைவியின் தம்பி கிடங்கில் பெட்டி அடுக்கிக்கொண்டிருந்தவர். முதுகெலும்பு தேய்ந்து, குனிந்தால் நிமிர முடியாமல் போனது. "மூட்டை தூக்கினது போதும், வா மாப்ள" என்று டாக்சிக்கு அழைத்து வந்தவர் இவர்தான். தன் வண்டி மாதிரியே ஒன்றைப் பழையதில் தேடிப் பிடித்துக் கொடுத்தார். தன் வண்டியின் சீட்டெல்லாம் கறை படிந்து கிடக்கிற ஆதங்கம் அவருக்கு. மச்சினன் வண்டிக்கு அது வரக்கூடாதென்று, சீட் கவருக்குத் தடித்த ரெக்ஸின் வாங்கி, மனைவியைத் தைக்கவைத்து, மச்சினனையும் கூட வைத்துக்கொண்டு தானே உட்கார்ந்து மாட்டினார். பின்சீட்டின் பக்கவாட்டில் சின்னதாகக் கம்பிவலை போட்ட ஒரு திறப்பு. பார்க்க நன்றாயில்லை என்று அதையும் சேர்த்து இழுத்து மூடிச் சொருகிவிட்டார்.

இரண்டு வருடம் தாங்கவில்லை. முதலில் மைலேஜ் விழுந்தது. "எவ்ளோ குடுக்குது மாப்ள?" என்று இவர் கேட்கும்போதெல்லாம் மச்சினன், "இருபதுக்குக் குறையல மாமா" என்று பொய் சொல்லியிருக்கிறார். பதினான்குதான் வந்தது. பிறகு திரையில் பேட்டரிக் கட்டங்கள் சடசடவென ஏறிச் சடசடவென இறங்கின. ஒருநாள் நடுரோட்டில் எச்சரிக்கை விளக்கெல்லாம் எரிந்து வண்டி நின்றது.

மெக்கானிக் பின்சீட்டைக் கழற்றிவிட்டு இடுப்பில் கைவைத்து நின்றாராம். "இந்தக் கம்பிவலை வழியாத்தான்யா பேட்டரி மூச்சு விடும். வண்டிக்குள்ள இருக்கற குளுந்த காத்தை ஃபேன் இதுலதான் இழுக்கும். மூக்கைப் பொத்திட்டு ஓடுன்னா எப்படி ஓடும்? எந்தப் புண்ணியவான் போட்ட கவர் இது?"

மச்சினன் அந்த நேரம் வெளியே போனில் இருந்தார். பக்கத்தில் நின்றது இவர் மட்டும்தான்.

"நான்தான்னு சொல்ல வாய் வரல சார். 'தெரியலையே'ன்னு சொல்லிட்டேன். அவரு கவரை உருவித் தூக்கிப் போட்டாரு. மாப்ள உள்ள வந்து, என்னாச்சுன்னு கேட்டான். 'பேட்டரிக்கு வயசாயிடுச்சு'ன்னு நானே சொல்லிட்டேன். அவன் என்ன சொன்னான் தெரியுமா? 'உங்க கையில அஞ்சு லட்சம் ஓடுது, என் கையில செத்துப்போச்சு. எனக்கு ஓட்டத் தெரியல மாமா, மன்னிச்சிருங்க'ன்னு. என்கிட்ட வந்து மன்னிப்பு கேக்கறான் சார்."

அதற்கப்புறம் வீட்டில் சாப்பிட உட்கார்ந்தால் மனைவி தம்பியைத் திட்டுவதை இவர் கேட்டுக்கொண்டிருக்க வேண்டும். ஸ்டாண்டில் இவருடைய பெருமை இன்னும் ஒரு படி ஏறிவிட்டது. மச்சினன் பழையபடி கிடங்குக்கே போவதாக முடிவெடுத்தார், அந்த முதுகோடு.

கடைசியாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு போக அவர் ஸ்டாண்டுக்கு வந்த மதியம், நான் இவர் வண்டியின் பின்சீட்டில் இருந்தேன். வண்டி ஆன் செய்தபடி புறப்படத் தயாராக நின்றது. நல்ல வெயில்.

"உன் கைக்கு சைக்கிள் குடுத்தாக்கூட பேட்டரி கேக்கும்டா" என்றார் மீசைக்கார டிரைவர். எல்லாரும் சிரித்தார்கள். மச்சினனும் சிரித்தார், ஒரு கையால் இடுப்பைப் பிடித்துக்கொண்டு. "அஞ்சு லட்சத்துக்கு வாய்ச்ச மச்சானைப் பாரு" என்றார் இன்னொருவர்.

இவர் இறங்கினார். சுற்றிவந்து என் பக்கக் கதவைத் திறந்தார். "சார், கொஞ்சம் தள்ளி உக்காருங்க." நான் நகர்ந்தேன். "எல்லாரும் இங்க வாங்கய்யா. மாப்ள, நீயும் வா."

சீட்டின் பக்கவாட்டிலிருந்த கம்பிவலையைக் காட்டினார். "இது என்ன தெரியுமா?"

"ஸ்பீக்கரு" என்றார் மீசைக்காரர்.

"நானும் அப்படித்தான் ஏதோன்னு நெனச்சேன். அஞ்சு லட்சம் ஓட்டினவன் நெனச்சேன். இது பேட்டரிக்கு மூக்கு. அவன் வண்டியில இதை மூடினது நான். அவன் ஓட்டினதுல ஒரு தப்பும் இல்ல. மெக்கானிக் என் மூஞ்சிக்கு நேரா கேட்டாரு, தெரியாதுன்னுட்டேன்."

மச்சினன்தான் முதலில் வாய் திறந்தார். "சும்மா இருங்க மாமா. நான் போறேன்னதும் உங்களுக்கு மனசு கேக்கல, பழியைத் தூக்கி உங்க தலையில போட்டுக்கறீங்க."

"அதான் பெரிய மனசுங்கறது" என்றார் மீசைக்காரர். நாலைந்து தலைகள் ஆமோதித்தன.

இவர் முகம் போன போக்கை நான் மிக அருகில் இருந்து பார்க்க வேண்டியிருந்தது. அடி விழும் என்று எதிர்பார்த்து வந்தவருக்கு மாலை போட்டதுபோல் ஆகிவிட்டது. பேசாமல் விட்டிருந்தால் அதோடு முடிந்திருக்கும். இவர் முட்டி போட்டு உள்ளே குனிந்து, மச்சினனின் கையைப் பிடித்து இழுத்துக் கம்பிவலையின் மேல் வைத்தார். ஃபேன் காற்றை இழுப்பது விரல்களில் தெரிந்திருக்க வேண்டும். மச்சினன் கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு எடுத்தார். யார் முகத்தையும் பார்க்கவில்லை.

"நாமதான் சேந்து மாட்டினோம்" என்றார் மெதுவாக. "அந்த மூலையில சரியா உக்காரலன்னு, நீங்க முட்டி போட்டுச் சொருகினீங்க."

"ஆமா."

இவர் இப்போதும் முட்டி போட்டிருந்தார், ரோட்டில். உள்ளங்கையை விரித்து அந்தத் திறப்பை முழுசாகப் பொத்தினார். "இப்படித்தான் மாப்ள." உள்ளே ஃபேனின் சத்தம் அடங்கி, பின் கரகரத்து ஏறியது.

"கையை எடுங்க மாமா. இந்த வண்டியும் போயிரும்."

இவர் கையை எடுக்கவில்லை.