ரொட்டி வண்டிக்கு இரண்டு பேர்

எங்கள் மோட்டார் சைக்கிள் என்னைவிட இளையதுதான். ஆனால் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திக் கேட்டால் எல்லாரும் அதைத்தான் மூத்தது என்பார்கள். அந்த வகையில் அதன்மேல் எனக்கு ஒரு பிரியம் உண்டு. பினாங்கில் கப்சாய் என்று சொல்வோமே, அந்தச் சின்ன ரக வண்டி. கிளட்ச் பிடிக்க வேண்டாம், கியரைக் காலாலேயே மாற்றலாம். ஆகவே ஓட்டுகிறவரின் இடது கை சும்மா இருக்கும். அந்தச் சும்மா இருக்கும் கையை நம்பித்தான் இங்கே ரொட்டிக்காரர்களின் பிழைப்பு நடக்கிறது. வலது கை வண்டியைப் பார்த்துக்கொள்ளும், இடது கை ரப்பர் ஹாரனை அமுக்கும், பின்னால் தகரப் பெட்டியில் ரொட்டியும் பன்னும் முறுக்குப் பாக்கெட்டும் குலுங்கிக்கொண்டு வரும்.

என் மச்சான் அப்படி ஒரு ரொட்டிக்காரர். மச்சான் என்றால் என் கணவர். மாமி மகன். கல்யாணத்துக்கு முன்னாலும் மச்சான், பின்னாலும் மச்சான். கூப்பிடும் விதத்தை மாற்றிக்கொள்ளும் சிரமம்கூட எனக்கு இருக்கவில்லை. விடிந்ததும் பேக்கரியில் சரக்கு ஏற்றிக்கொண்டு ஜெலுத்தோங் சந்துகளைச் சுற்றுவார், பிறகு தண்ணீர்மலைப் பக்கம் ஏறி இறங்கி, வெயில் உச்சிக்கு வருவதற்குள் வீடு திரும்புவார். எங்கள் ஃபிளாட்டுக்குத் திரும்பும் முனையில் ஹாரன் இரண்டு தடவை கேட்கும். அந்த நேரத்தில் பெட்டி காலியாக இருக்கும். அந்த முனையில் வீடும் கிடையாது, கார் கழுவுகிற இடம் ஒன்றுதான் இருக்கிறது. தொழில் பழக்கம், கை தானாக அமுக்குகிறது என்று நினைத்துக்கொண்டு நான் தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைப்பேன்.

ரொட்டி விற்கிறவருக்கு இனிப்பு நீர், அதுதான் சர்க்கரை வியாதி, வந்தால் என்ன செய்வது? தேங்காய்ப்பால் ஜாம் வைத்த காயா பன் மீந்தது எங்கே என்று நான் கேட்காத நாளில்லை. வழியில் பூனைக்குப் போட்டேன் என்பார். அந்தப் பூனையைக் கடைசிவரை நான் பார்க்கவில்லை. நோய் முதலில் பாதத்துக்குப் போனது. மரத்துப்போய், சுட்டாலும் குத்தினாலும் தெரியாமல் ஆனது. பிறகு கண்ணுக்கு வந்தது. லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். வெளிச்சமும் நிழலும் மிஞ்சின, முகங்கள் போய்விட்டன. நிறுத்தி வைத்திருந்த ஒரு காரின் கண்ணாடியை உரசிவிட்டு வந்த அன்று, யாரும் சொல்வதற்கு முன்னால் அவரே வண்டிச் சாவியை என் கையில் கொடுத்துவிட்டு ஜன்னலோர நாற்காலியில் போய் உட்கார்ந்தார்.

உட்கார்ந்தவர் எழுந்திருக்கவில்லை. வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குக்கூட, யாராவது கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போக வேண்டியிருக்கிறதே என்று போவதைக் குறைத்துக்கொண்டார். புக்கிட் மெர்தாஜாமில் கட்டிக்கொடுத்த எங்கள் மகள், வண்டியை விற்றுவிட்டு இரண்டு பேரும் தன்னோடு வந்து இருக்கும்படி கூப்பிட்டாள். நல்ல பிள்ளை, குறை சொல்ல மாட்டேன். ஆனால் அங்கே போனால் ஜன்னல் மாறும், நாற்காலி மாறும், இந்த மனுஷர் மட்டும் அப்படியே உட்கார்ந்திருப்பார். கண் போனதைவிட, அவர் தன்னைத் தானே ஓரமாக எடுத்து வைத்துவிட்டதுதான் எனக்குப் பெரிய பயமாக இருந்தது.

என்னிடம் லைசன்ஸ் இருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் தீவுக்கு அக்கரையில் இருந்தபோது புக்கிட் தெங்கா தொழிற்சாலைக்கு மோட்டார் சைக்கிளில்தான் போய்வந்தேன். அதனால் மகளிடம் பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு, நானே ரொட்டி விற்கக் கிளம்பினேன். தலையை மூடும் தூடோங்குக்கு மேலே ஹெல்மெட், அவருடைய ஜாக்கெட்டை முன்பக்கம் பின்னாக மாட்டிக்கொண்டு. காற்று நெஞ்சில் அடிக்காமலிருக்க இங்கே எல்லாரும் அப்படித்தான் மாட்டுவோம்.

ரொட்டி மீந்தது. அடுத்த நாளும் மீந்தது. ஒரு தெருவில் நின்று ஹாரன் அடிப்பேன், ஒரு கதவும் திறக்காது, அடுத்த தெருவுக்குப் போவேன். ஜனங்கள் எல்லாரும் சூப்பர் மார்க்கெட்டுக்குப் போய்விட்டார்கள் என்று ஊரையே திட்டிக்கொண்டு ஒரு நாள் வீட்டுக்கு வந்தேன். ஜன்னலோரத்திலிருந்து ஒரு கேள்வி வந்தது.

"ஹாரனை எங்க அடிக்கிறே?"

"வீட்டு முன்னுக்கு நிப்பாட்டிட்டுத்தான்."

"அதான் தப்பு. முனை திரும்பும்போதே அடிக்கணும். அவங்க பர்ஸ் தேடணும், தூடோங் போடணும், சிலிப்பர் மாட்டணும். நீ வாசல்ல வந்து அடிச்சிட்டு ஓடிட்டா யாரு வருவா?"

இவ்வளவு நாள் கூட வாழ்ந்தும் இது எனக்குத் தெரியாது. மறுநாள் முனையிலேயே அடிப்பதென்று முடிவு கட்டினேன். தொழிற்சாலைக்குப் போன காலத்தில் வண்டியில் என் சாப்பாட்டுப் பெட்டி மட்டும்தான் இருந்தது. இது ஆள் உயரத் தகரப் பெட்டி. திருப்பத்தில் இடது கையை எடுத்தேனோ இல்லையோ, வண்டி ஒரு பக்கம் சாய்ந்தது. நான் ஒரு பக்கம், வண்டி ஒரு பக்கம், காயா பன் ஒரு வரிசை அப்படியே சாக்கடைக்கு. ஒரு மலாய்க்கார அம்மா, மக்சிக் என்று கூப்பிடுவோம், ஓடி வந்து தூக்கிவிட்டு, முழங்கையைக் கழுவத் தண்ணீர் கொண்டுவந்தார். அவர் வீட்டுப் படியில் உட்கார்ந்துகொண்டு யோசித்தேன். எனக்கு இரண்டு கையும் ஹேண்டலில் வேண்டும். ஹாரனுக்கு இன்னொரு கை வேண்டும். அந்தக் கை வீட்டில் சும்மா கிடக்கிறது. ஆனால் அந்தக் கைக்குச் சொந்தக்காரர் உட்கார வேண்டிய இடத்தில் தகரப் பெட்டி இருக்கிறது.

நேராகப் பட்டறைக்குப் போனேன். எங்கள் வண்டியைப் பல வருஷமாகப் பார்க்கிறவர் ஒரு சீனர், எல்லாருக்கும் தவுக்கே, அதாவது முதலாளி. நான் மலாயில் விஷயத்தைச் சொன்னேன். அவர் பாதி மலாயிலும் பாதி ஹொக்கியன் சீனத்திலும் திட்டினார். இந்த வண்டி ஒரு ஆளுக்கும் ஒரு பெட்டிக்குமே மூச்சு வாங்குகிறது, இரண்டு ஆளும் பெட்டியும் என்றால் தண்ணீர்மலை ஏற்றத்தில் வண்டியை நீங்கள்தான் தூக்கிக்கொண்டு போக வேண்டும் என்றார். கையில் அதிகப் பணம் இல்லை என்றும் சொல்லிவைத்தேன். அதற்கும் திட்டினார். திட்டிக்கொண்டே எண்ணெய்த் துணியால் கையைத் துடைத்துவிட்டு அளவு எடுக்க ஆரம்பித்தார்.

எங்கள் மாடியில் யாரோ தூக்கிப்போட்ட இரும்புக் கட்டிலை நான் இழுத்துக்கொண்டு போனேன். அந்தக் கட்டிலின் கம்பிகளை வெட்டி, பெட்டி உட்காரும் கேரியரை அவர் பின்னுக்கு நீட்டிப் பற்றவைத்தார். பெட்டியை உயரத்தில் பாதியாகக் குறைத்தோம். குறைந்த இடத்துக்கு ஈடாக இரண்டு பக்கமும் தாழ்வாகப் பிளாஸ்டிக் கூடைகள் வந்தன. பாரம் கீழே இறங்கியதால் வண்டி முன்னைவிட அடக்கமாக நின்றது. எங்கள் பழைய சோபாவின் ஸ்பாஞ்சைப் பிரித்துக் கொடுத்தேன், அது இரண்டு பேர் சீட்டாக ஆனது. மிச்ச ஸ்பாஞ்சைப் பெட்டியின் முன்பக்கத்தில் வைத்துத் தைத்தோம், சாய்ந்துகொள்ள. பின்னால் இருக்கும் ஸ்பிரிங் இரண்டும் விபத்தில் போன வேறொரு வண்டியுடையவை, கொஞ்சம் தடித்தவை. ஏற்றத்துக்காகப் பின் சக்கரத்தின் பல்சக்கரத்தைப் பெரிதாக மாற்றினார். வேகம் குறையும் என்று எச்சரித்தார். ரொட்டிக்கு என்ன அவசரம் என்றேன். டயரும் பிரேக்கும் மட்டும் புதிதுதான் போட வேண்டும் என்று ஒரே பிடியாக நின்றார், நானும் தகராறு செய்யவில்லை.

நான் பிடிவாதமாக நின்றது புகைக்குழாய் விஷயத்தில். மச்சானின் கால் நழுவி அதில் பட்டால் தோல் வெந்த பிறகுதான் தெரியும், அவருக்குச் சூடு தெரியாது என்று சொன்னேன். தவுக்கே அன்று திட்டவில்லை. தகரம் வெட்டிக் குழாயை முழுக்க மூடி, கால் வைக்கும் கட்டையை அகலமாக்கி, நழுவாமலிருக்க ஓரத்தை மேலே மடித்துவிட்டார். அவர் மனைவிக்கும் இனிப்பு நீர் என்று பிறகு தெரிந்தது.

கடைசியில் ஹாரனைக் கையில் வைத்துக்கொண்டு எங்கே மாட்ட என்று கேட்டார். பின்னால் என்றேன். டிரைவர் முன்னால், ஹாரன் பின்னாலா என்று முதல் தடவையாகச் சிரித்தார். பிறகு என்ன நினைத்தாரோ, அவரே பின் சீட்டில் ஏறி உட்கார்ந்து, கண்ணை மூடி, இடது கையைச் சும்மா தொங்கவிட்டார். கை போய் விழுந்த இடத்தில் சாக்குக்கட்டியால் ஒரு கோடு போட்டு, அங்கேயே ஹாரனை மாட்டினார். அந்த மனிதருக்கு நான் கொடுத்த கூலி அவர் செய்த வேலைக்குக் காணாது. இன்றைக்கும் என் துவாவில் அவர் உண்டு. அவருக்குத் தெரியாது, தெரிந்தால் அதற்கும் திட்டுவார்.

வண்டி தயார். ஆள் தயாரா என்பதுதான் கேள்வி. அன்பாகக் கூப்பிட்டால் வரமாட்டார் என்று எனக்குத் தெரியும். தவுக்கே வண்டியைக் கெடுத்துவிட்டாரா என்று வந்து பாருங்கள், எனக்கு ஒன்றும் புரியவில்லை என்றேன். எரிச்சலோடு இறங்கி வந்தார். கையால் தடவிப் பார்த்தார். ஹேண்டலின் இடது பக்கம் விரல்கள் போய் நின்றன. ஹாரன் இருந்த இடத்தில் அதன் தழும்பு மட்டும் இருந்தது.

"ஹாரனை ஏன் கழட்டினே?"

"கழட்டல. பின்னுக்கு மாட்டியிருக்கு."

அவருக்கு உடனே விளங்கிவிட்டது. கையை எடுத்துக்கொண்டார்.

"என்னையும் சரக்கோட சரக்கா ஏத்திக்கிட்டுப் போகலாம்னு பார்க்கிறியா?"

"சரக்குக்கு ஹாரன் எதுக்கு மச்சான்? எனக்கு ரெண்டு கையும் ஹேண்டல்ல வேணும். முழங்கையைத் தொட்டுப் பாருங்க, காயம் இன்னும் காயல. நீங்க வராட்டி நாளைக்கும் ரொட்டி மீந்துதான் போகும்."

என் முழங்கையைத் தேடித் தொட்டுப் பார்த்தார். நான் விழுந்ததை அவரிடம் அதுவரை சொல்லியிருக்கவில்லை. பெட்டியைப் பிடித்துக்கொண்டு காலைத் தூக்கிப் போட்டுப் பின் சீட்டில் உட்கார்ந்தார். நான் குனிந்து அவர் பாதங்களை எடுத்துக் கட்டையில் வைத்தேன். இடது கையைத் தொங்கவிட்டார். அது ஹாரன்மேல் போய் விழுந்தது.

"சுபுஹு தொழுதுட்டு உடனே கிளம்பணும். நீ லேட்டாக்காதே" என்றார்.

மறுநாள் காலை இரண்டு பேரும் கிளம்பினோம். பேக்கரியிலிருந்து ஏற்றிய ரொட்டியின் சூடு பெட்டியைத் தாண்டி முதுகுக்கு வருகிறது என்றார். முன்னால் ஓட்டியபோது இந்தச் சுகம் தெரியாமல் போய்விட்டதாம். ஆனால் சிக்னல் வரும்போதெல்லாம் வலது காலால் கட்டையை மிதித்துப் பிரேக் பிடித்தார். அங்கே பிரேக் எங்கே இருக்கிறது? வண்டிதான் ஆடியது. நான் ஒரு அதட்டல் போட்டேன். அதற்குப் பிறகு மிதிப்பதை மெதுவாக மிதித்தார்.

முதல் சந்து வருவதற்கு முன்னாலேயே ஹாரன் அடித்தது. எனக்கு இன்னும் திருப்பமே வரவில்லை. சாலையில் ஒரு மேடு உண்டு, வண்டி அதில் ஏறி இறங்கியதை வைத்துக் கணக்குப் போட்டிருக்கிறார். நான் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மெல்லத் திருப்பினேன். கதவுகள் திறந்துகொண்டிருந்தன. என்னைத் தூக்கிவிட்ட மக்சிக் ஏற்கெனவே பர்ஸோடு வாசலில் நின்றார். இத்தனை நாளும் ஏதோ ஹாரன் கேட்டது, பையன்கள் விளையாடுகிறார்கள் என்று இருந்துவிட்டாராம். இன்றைக்கு முனைக்கு முன்னாலேயே கேட்டது, இது உங்கள் ஹாரன், அதனால் வந்தேன் என்று மச்சானிடம் சொன்னார். எனக்கு இப்போது பதவி உயர்வு, டிரைவர் வைத்திருக்கிறேன் என்று மச்சான் மலாயில் பதில் சொன்னார். தெருவே சிரித்தது. நான் முறைத்தேன், அவருக்குத் தெரியவில்லை.

குரலைக் கேட்டே யாருக்கு என்ன வேண்டும் என்று எனக்குச் சொன்னார். அந்த அக்காவுக்கு ஓரம் கருகாத ரொட்டி. இந்த அங்கிளுக்குத் தேங்காய் பன், ஆனால் அவர் மனைவி கேட்டால் வாங்கவில்லை என்று சொல்ல வேண்டும். சில்லறையையும் பெட்டியில் தொங்கும் கியூஆர் அட்டையையும் நான் பார்த்துக்கொண்டேன். தண்ணீர்மலை ஏற்றத்தில் வண்டி முனகியது, ஆனால் ஏறியது. அல்ஹம்துலில்லாஹ் என்று நான் சொன்னது ஹெல்மெட்டுக்குள் பெரிதாகக் கேட்டது. பின்னாலிருந்தும் அதே வார்த்தை வந்தது.

பெட்டி காலியாகி வீட்டுக்குத் திரும்பினோம். எங்கள் ஃபிளாட் முனையில், கார் கழுவும் இடத்துக்கு முன்னால், ஹாரன் இரண்டு தடவை அடித்தது.

"யாருக்கு அடிக்கிறீங்க? ரொட்டியும் இல்ல, இங்க வீடும் இல்ல."

"உனக்குத்தான்."

"நான் முன்னுக்குத்தானே இருக்கேன்."

"இருந்தா என்ன? தண்ணி கொதிக்க நேரம் வேணாமா?"

இத்தனை வருஷமும் அந்த முனையில் அடித்தது எனக்காகத்தான். கை தானாக அமுக்குகிறது என்று நினைத்துக்கொண்டு, அவர் படியேறி வருவதற்குள் நான் தேத்தண்ணியை ஆற்றி வைத்திருக்கிறேன். கண் நிறைந்துவிட்டது. ஒரு கையை எடுத்துத் துடைக்க எனக்கு இன்னும் தைரியம் வந்திருக்கவில்லை, அப்படியே ஓட்டிக்கொண்டு வந்து நிறுத்தினேன். அவர் கையைப் பிடித்து மேலே கூட்டிப் போனேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் அடுப்பில் தண்ணீர் வைத்தேன்.