இரண்டு பொட்டலத்திலும் வெள்ளைப் பூ

பொட்டலத்தைப் பிரித்துப் பார்க்கிற பழக்கம் ஈசனுக்குக் கிடையாது என்று நான் நம்பியிருந்தேன். ஐம்பத்திரண்டு வயது எனக்கு. தினமும் திருநீறு, வாரந்தவறாமல் தேவாரம், பிரதோஷத்துக்குக் கோயில். அப்படிப்பட்டவன் நம்பிய லட்சணம் இது. அன்பர்கள் சிரித்துக்கொள்ளலாம். போகப்போகச் சிரிப்பு வராது.

நெல்லை டவுனில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். ஆன்லைனில் விண்ணப்பமும் போட்டுக் கொடுப்பேன். எந்தப் படிப்புக்கு என்ன சான்றிதழ், எந்த வேலைக்குப் போட்டோ என்ன அளவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். இதை வைத்து எங்கள் வார வழிபாட்டு மன்றத்தார் என்னைப் பெரிய விவரஸ்தன் என்று முடிவு கட்டிவிட்டார்கள். மன்றத்தின் சார்பில் சனிக்கிழமைதோறும் முக்கூடல் பக்கம் ஒரு அரசுப் பள்ளிக்குப் போக வேண்டும். பதினொன்று, பன்னிரண்டு படிக்கிற பிள்ளைகளுக்கு அடுத்து என்ன படிக்கலாம், என்ன வேலைக்குப் போகலாம் என்று வழி சொல்ல வேண்டும். நான் உள்ளே போய்ப் பார்த்த ஒரே தொழிற்சாலை என் மாமனாரின் அப்பளக் கம்பெனி. அங்கேயும் காபி குடித்துவிட்டு வந்ததோடு சரி. அதனால் என்ன, எனக்கு வாய் இருந்தது.

என் உபதேசங்களில் ஒன்று ரொம்பப் பிரபலம். "வேலைக்குப் போன மொத ஆறு மாசம் வாயில பூட்டு! சூப்பர்வைசர் காக்கா வெள்ளைன்னு சொன்னா, ஆமா சார், நேத்தே பாத்தேன்னு சொல்லணும்!" வகுப்பே கொல்லென்று சிரிக்கும். ஒரு பெண் மட்டும் சிரிக்காமல் நோட்டில் எழுதிக்கொள்வாள். அவள் பெயர் மாரிச்செல்வி.

பிள்ளைகளைச் சம்மதிக்க வைப்பது சுலபம். பெற்றோர்தான் கஷ்டம். வெளியூர் என்றாலே, "சாமிகிட்ட பூக்கட்டிப் பாத்துருவோம் அண்ணாச்சி" என்பார்கள். ஒரு பொட்டலத்தில் வெள்ளைப் பூ, இன்னொன்றில் சிவப்புப் பூ. சாமி முன்னால் வைத்து ஒன்றை எடுப்பார்கள். வெள்ளை வந்தால் போகலாம், சிவப்பு வந்தால் கூடாது. முதல் வருஷம் மன்றத்து நடராசர் முன்னால் ஒழுங்காகத்தான் கட்டி வைத்தேன். நன்றாகப் படித்த ஒருவனுக்குச் சிவப்பு வந்து தொலைத்தது. அவன் கல்லூரிக்குப் போகாமல் மாமாவின் பலசரக்குக் கடையில் நின்றுவிட்டான். எனக்கு வயிறு எரிந்தது. மறுவருஷத்திலிருந்து இரண்டு பொட்டலத்திலும் நந்தியாவட்டையையே வைத்துக் கட்டினேன். நல்ல காரியம்தானே, ஈசன் கண்டுகொள்ளமாட்டார் என்பது என் கணிப்பு. யாருக்கும் தெரியாது, என் மனைவி கோமதிக்குக்கூட.

மாரிச்செல்வியின் அம்மா பாக்கியம் மாஞ்சோலையில் தேயிலை பறித்தவர். எஸ்டேட்டை மூடி எல்லோரும் மலையை விட்டு இறங்கியபோது மகளோடு முக்கூடலுக்கு வாடகை வீட்டுக்கு வந்தார். புருஷன் இல்லை. இந்த ஒரே பிள்ளைதான். அந்த வருஷம் ஓசூர்ப் பக்கத்திலிருந்து ஒரு கம்பெனிக்காரர் என்னைத் தேடி வந்தார். பன்னிரண்டாவது முடித்த பிள்ளைகளுக்கு வேலை, கூடவே டிப்ளமோ, தங்க விடுதி என்றார். எனக்குச் சால்வை போர்த்தி, 'வழிகாட்டிச் செம்மல்' என்று எழுதிய கேடயம் ஒன்றும் கொடுத்தார். எனக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்தக் கம்பெனி எப்படி இருக்கும் என்று நான் கேட்கவில்லை. கேடயத்தை எந்தச் சுவரில் மாட்டலாம் என்று மட்டும் யோசித்தேன்.

"அம்புட்டுத் தூரத்துல பொம்பளப் புள்ளைய ஒத்தையில விட்டுட்டு நான் எப்படி இருப்பேன்? அங்கன நமக்கு யாரு இருக்கா?" என்று பாக்கியம் தயங்கினார். பூக்கட்டிப் பார்க்கலாம் என்று நானே சொன்னேன். அவர் கண்ணை மூடிக் கும்பிட்டு ஒரு பொட்டலத்தை எடுத்தார். வெள்ளை. வேறு என்ன வரும்? அவர் முகத்தில் இருந்த பயம் அப்படியே கரைந்தது. ஆனி மாதம் மாரிச்செல்வி ரயில் ஏறினாள். அப்போது அவளுக்குப் பதினெட்டு முடிந்து சில வாரங்கள்தான் ஆகியிருந்தன.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எனக்குப் போன் செய்தாள்.

"சார், மிஷின்ல கை உள்ள போயிராம இருக்க ஒரு மூடி உண்டு. அதக் கழட்டி வச்சுட்டு ஓட்டச் சொல்லுதாவ. அப்பத்தான் வேலை வெரசா ஓடுமாம். எனக்குப் பயமா இருக்கு சார். சூப்பர்வைசர்கிட்ட சொல்லட்டா?"

"ஏ புள்ள, ஆறு மாசம் ஆயிட்டா? இல்லல்லா? பூட்டு, பூட்டு!" என்றேன். சொல்லிவிட்டு நானே சிரித்தேன்.

"சரி சார்" என்று வைத்துவிட்டாள்.

இரண்டு வாரம் கழித்து, திங்கட்கிழமை. மதியம் பன்னிரண்டு மணி இருக்கும். பாக்கியம் கடை வாசலில் வந்து நின்றார். காலில் செருப்பு இல்லை.

"அண்ணாச்சி, புள்ள சனிக்கிழமையிலேர்ந்து போனே எடுக்கல. இப்பம் அவகூடத் தங்கியிருக்க ஒரு புள்ள பேசிச்சு. மிஷின்ல அடிபட்டுட்டாம், ரத்தம் ரொம்பப் போயிட்டாம். எந்த ஆஸ்பத்திரின்னு கேக்கதுக்குள்ள போன் நின்னு போச்சு."

கம்பெனி நம்பருக்கு அடித்தேன். பாட்டுத்தான் வந்தது. ஏழு தடவை அதே பாட்டு. பிறகு நான் செய்ததைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. கடை ஷட்டரைத் தடாலென்று இழுத்துப் பூட்டினேன். உள்ளே ஒருவர் ஆதார் நகல் எடுக்க நின்றுகொண்டிருந்தார்.

"ஏய், நான் உள்ள கெடக்கேன் வே! உமக்குக் கிறுக்கு புடிச்சுட்டா?" என்று அவர் ஷட்டரைத் தட்டிய தட்டில் தெருவே கூடிவிட்டது. திறந்து அவரை வெளியே விட்டுவிட்டு வீட்டுக்கு ஓடினேன். பையில் ஒரு வேட்டியும் மூன்று குடையும் எடுத்து வைத்தேன். மூன்று குடை எதற்கு என்று இன்றைக்கும் தெரியாது. கோமதி பின்னாலேயே வாசலுக்கு வந்தாள்.

"என் கண்ணாடிய மாட்டிக்கிட்டு எங்க போறிய? கண்ணு தெரியுதா உங்களுக்கு?"

உண்மையில் தெரியவில்லை. கண்ணாடி மட்டும் காரணமில்லை.

பாக்கியத்தைப் பேருந்து நிலையத்துக்கு அனுப்பிவிட்டு நெல்லையப்பர் கோயிலுக்கு ஓடினேன். நடை சாத்திவிட்டார்கள். மூடிய கதவைப் பார்த்து நின்றேன். நாற்பது வருஷமாகப் பதிகம் பாடுகிறவன் நான். ஒரு வரி நினைவுக்கு வரவில்லை. "பொய் சொன்னது நான். அவ ஒண்ணும் செய்யல. அவள உயிரோட குடு. தண்டனைய எனக்குக் குடு" என்று மட்டும் சொன்னேன். சொன்ன வேகத்தில் அவர் ஒப்புக்கொண்டுவிடுவாரோ என்று பயம் வந்துவிட்டது. நாலு அடி பின்னால் நகர்ந்து நின்றேன். என் பக்தி அவ்வளவுதான்.

பேருந்தில் பாக்கியம் ஜன்னல் பக்கம் உட்கார்ந்திருந்தார். திண்டுக்கல் தாண்டும்போது அந்த விடுதிப் பெண் மறுபடியும் அழைத்து, போனை எடுத்த என்னிடம் ஆஸ்பத்திரியின் பெயரைச் சொன்னாள். பிள்ளை உயிரோடு இருக்கிறாளா என்று கேட்க எனக்கு நாக்கு எழவில்லை. பாக்கியம்தான் போனை வாங்கிக் கேட்டார். "தெரியல அம்மா, எங்கள யாரையும் விடல" என்று பதில் வந்தது.

நான் உண்மையைச் சொல்லிவிட முடிவு செய்து தொண்டையைச் செருமினேன். அதற்குள் அவர் இடுப்புச் சுருக்குப்பையைத் திறந்து காய்ந்த இலைப் பொட்டலம் ஒன்றை எடுத்தார்.

"அண்ணாச்சி, அன்னைக்கு மிச்சம் இருந்த பொட்டலம் இது. பிரசாதமா இருக்கட்டும்னு வீட்டுக்குக் கொண்டு போனேன். பிரிச்சுப் பாத்தா அதுலயும் வெள்ளை. நீங்க கட்டுனது சிவப்பு. சாமி மாத்திட்டாரு. எம்புள்ள போகணும்னு அவருக்கு அம்புட்டு இஷ்டம். அனுப்புன சாமி அவள விட்டுருவாரா? நீங்க பயப்படாதீய."

எனக்கு ஆறுதல் சொல்கிறார். அந்தக் கருகிய பூவைக் கண்ணில் ஒற்றிக்கொண்டு மறுபடியும் பைக்குள் வைத்தார். சொல்ல வேண்டிய இடம் அதுதான். நான் சொல்லவில்லை. ஓசூர் வரைக்கும் சொல்லவில்லை.

மறுநாள் காலையில்தான் பார்க்க விட்டார்கள். மாரிச்செல்வி உயிரோடு இருந்தாள். வலது கை முழங்கை வரைக்கும் கட்டு. அம்மாவைப் பார்த்து உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

நடந்ததைச் சரசு என்பவர் சொன்னார். கம்பெனி கேன்டீனில் சோறு போடுகிற அம்மாள். சனிக்கிழமை மதியம் மிஷின் கையில் இறங்கியிருக்கிறது. மேனேஜர் வரட்டும், கம்பெனி வண்டி வரட்டும் என்று எல்லோரும் சுற்றி நின்றிருக்கிறார்கள். சரசு மட்டும் யாரிடமும் கேட்கவில்லை. மணிக்கட்டை முந்தானையால் இறுக்கிக் கட்டினார். தொங்கிக்கொண்டிருந்த கட்டை விரலைச் சுத்தமான துணியால் கையோடு சேர்த்துச் சுற்றினார். காய்கறி இறக்க வந்த ஆட்டோவில் பிள்ளையைத் தூக்கிப் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

"கேட்டா வேணாம்பாங்க. அதான் கேக்கவே இல்லை" என்றார். அதற்காக அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். அதையும் சாதாரணமாகச் சொன்னார்.

ரத்தக் குழாய் அறுந்திருந்ததாம். இன்னும் அரை மணி தாமதித்திருந்தால் பிள்ளையை மறந்துவிட வேண்டியதுதான் என்றார் டாக்டர்.

அன்று மாலை கம்பெனி மேனேஜர் ஒரு காகிதத்தோடு வந்தார். "சும்மா ஒரு நடைமுறைக்குத்தான் அம்மா, இங்க ஒரு கையெழுத்து" என்றார். நான் வாங்கிப் படித்தேன். வாழ்நாள் முழுக்க விண்ணப்பம் படித்தவனுக்கு ஐந்தாவது வரியே போதுமாக இருந்தது. பாதுகாப்பு மூடியைப் பணியாளர் தாமாகவே கழற்றினார் என்று எழுதியிருந்தது.

"தாயி, இதுல கையெழுத்துப் போடாதீங்க" என்றேன். மேனேஜர் என்னைத் திரும்பிப் பார்த்தார். "கழட்டச் சொன்னது கம்பெனிதான்னு நீங்க கண்டீங்களா?" என்று கேட்டார். காணவில்லை ஐயா, காதால் கேட்டேன் என்று சொல்ல வேண்டும். சொன்னால், கேட்டுவிட்டு நீ என்ன செய்தாய் என்று அடுத்த கேள்வி வரும். வரட்டும் என்று சொன்னேன். தொழிலாளர் துறை அலுவலகத்தில் எழுதியும் கொடுத்தேன். பிள்ளை பயப்பட்டாள், என்னிடம் கேட்டாள், வாயை மூடிக்கொண்டிரு என்று சொன்னவன் நான். கீழே என் பெயர், முகவரி, கையெழுத்து.

அதைப் பாக்கியத்துக்கு வாசித்துக் காட்டினேன். அந்த மூச்சிலேயே பூ விஷயத்தையும் சொல்லிவிட்டேன். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவர் சுருக்குப்பையை இறுகப் பிடித்துக்கொண்டார்.

"அப்பம் சாமி ஒண்ணுமே சொல்லலையா அண்ணாச்சி?"

"நாம கேக்கவே இல்ல தாயி."

"நாம இல்ல. நான் கேட்டேன்" என்றார். பிறகு, "அவகிட்டயும் நீங்களே சொல்லுங்க" என்று எழுந்து போய்விட்டார்.

கட்டிலின் பக்கத்தில் நின்று சொன்னேன். என் வாழ்க்கையில் வேடிக்கை கலக்காமல் பேசிய முதல் பேச்சு அதுவாகத்தான் இருக்கும். மாரிச்செல்வி கூரையைப் பார்த்தபடி கேட்டாள்.

"எந்தப் பூ வந்துருந்தாலும் நான் போயிருப்பேன் சார். நீங்க சொன்னிய, அதனால போனேன்."

நான் அழுதேன். நடுத்தர வயது ஆண் அழுவது பார்க்கச் சகிக்காத காட்சி. பக்கத்துக் கட்டில்காரர் தண்ணீர் கொடுத்தார்.

அன்பர்களே, ஈசன் என் வேண்டுதலைக் கேட்டாரா என்று மன்றத்தில் கேட்கிறார்கள். கேட்டார். நான் வேண்டியது திங்கட்கிழமை. சரசு அம்மாள் ஆட்டோ ஏறியது சனிக்கிழமை. நான் போய் நிற்பதற்கு இரண்டு நாள் முன்னாலேயே அவர் கொடுத்துவிட்டார். தாமதமாகக் கேட்டது ஒன்றுதான் என் பங்கு. எந்த வாயால் நன்றி சொல்வேன்? இருக்கிற வாயால்தான் சொல்கிறேன். பொட்டலம் கட்டுவதை விட்டுவிட்டேன். அந்தக் கேடயம் கடையிலிருந்து போய்விட்டது. இப்போது எந்தப் பிள்ளையையும் அனுப்புவதற்கு முன்னால் பெற்றோர் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நானே போய் அந்த இடத்தைப் பார்க்கிறேன். மிஷின் அருகில் நிற்கிறேன், கேன்டீனில் சாப்பிடுகிறேன், அடிபட்டால் யார் தூக்கிப் போவார்கள் என்று கேட்கிறேன். சில இடங்களில் வாசலிலேயே திருப்பி அனுப்புகிறார்கள். அதுவும் ஒரு பதில்தான். சனிக்கிழமை வகுப்பில் "முடியாது சார்" என்று உரக்கச் சொல்லப் பிள்ளைகளைப் பழக்குகிறேன். ஆரம்பத்தில் வெட்கப்பட்டார்கள். இப்போது பக்கத்து வகுப்பு ஆசிரியர் வந்து சண்டை போடுகிறார்.

நீங்களும் அவரை நம்புங்கள். எனக்கு இறங்கியவர் உங்களுக்கு இறங்கமாட்டாரா? ஆனால் பார்த்து வர வேண்டிய இடத்துக்கு உங்கள் காலால் நடந்து போய்ப் பார்த்துவிட்டு, அப்புறம் அவர் முன்னால் போய் நில்லுங்கள்.

மாரிச்செல்விக்குச் சுட்டு விரலும் நடுவிரலும் போய்விட்டன. கட்டை விரல் ஒட்டிக்கொண்டது, பாதி மடங்குகிறது. கம்பெனி மேல் விசாரணை இன்னும் முடியவில்லை. இந்த ஆடியில் அவள் பாளையங்கோட்டையில் லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்திருக்கிறாள். விண்ணப்பத்தை இடது கையால் தானே எழுதிப் போட்டாள். என்னிடம் கேட்கவில்லை.