ஆறாவது கடையில் மட்டும் புகார் இல்லை

அலுவலகத்தில் அவளுக்கு 'ரெண்டு தடவை' என்று பெயர். அந்தப் பெயர் அவளுக்குத் தெரியாது என்று எல்லோரும் நம்பிக்கொண்டிருந்தார்கள். அவளுக்கு அது நான்கு வருடமாகத் தெரியும். அடுப்பை இரண்டு தடவை அணைப்பாள். அணைந்த அடுப்பை எப்படி அணைப்பது என்று கேட்கக் கூடாது. கதவைப் பூட்டிவிட்டு மூன்று மாடி இறங்குவாள், மறுபடி மூன்று மாடி ஏறுவாள், பூட்டை ஓர் இழுப்பு இழுத்துப் பார்ப்பாள். இதனால் கவனமானவள் என்று பெயரெடுத்திருந்தாள். உண்மையில் முதல் தடவைதான் கண்ணால் பார்ப்பது. இரண்டாவது தடவை மனசைச் சமாதானப்படுத்த, அதற்குக் கண் தேவைப்படுவதில்லை.

மருந்து மொத்த விற்பனை நிறுவனம் ஒன்றில் நிரல் எழுதுவது அவள் வேலை. வண்டி எந்தக் கடைக்கு முதலில் போக வேண்டும், எதற்குக் கடைசியில் போக வேண்டும் என்று டிரைவரின் போனுக்கு வரிசை அனுப்பும் மென்பொருள் அவள் எழுதியது. கிடங்கில் பெட்டி ஏற்றுகிறவர்களுக்கு அதே வரிசை தலைகீழாக வேண்டும். கடைசிக் கடைக்குரிய பெட்டி முதலில் ஏறி உள்ளே போனால்தான் முதல் கடைக்குரியது கதவருகில் நிற்கும். அதற்கு ஏற்று பட்டியல் என்று ஒரு பட்டன் வைத்திருந்தாள். அமுக்கினால் தலைகீழ் வரிசை தாளில் அச்சாகி வரும்.

அன்று காலை எட்டரைக்கு மேலாளர் அறையில் விசாரணை. குற்றவாளி, 'நிதானம்' என்று எல்லோரும் கூப்பிடும் டிரைவர். மஞ்சள் விளக்குக்கே வண்டியை நிறுத்துகிற அந்த மனிதர்மேல் மூன்று நாள் தொடர்ந்து புகார். பதினோரு இடங்களில் முதலாவது ஒரு சின்ன மருத்துவமனை. ஒன்பதரைக்குப் போய்ச் சேர வேண்டிய குளிர்பெட்டி மருந்து அங்கே மூன்று மணிக்குப் போய்ச் சேர்ந்தது. போனில் வந்த வரிசைதான் தப்பு என்றார் நிதானம். போனிலோ அன்றைய வரிசை அன்று மாலையே அழிந்துவிடும். அவளைச் சோதிக்கச் சொன்னார்கள். சோதித்தாள். 'மென்பொருளில் பிழை இல்லை, இரண்டு முறை பார்த்தேன்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுக் கொடுத்தாள். அதற்குப் பிறகுதான் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

"பூட்டியாச்சு. நானே பூட்டினேன். வேணும்னா எழுதித் தரட்டுமா?" என்றார் கணவர், அன்று காலை வீட்டுப் படிக்கட்டில். கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கிறவர். மில்லிமீட்டரில் பேசிப் பழகியவர்.

"நீங்க பூட்டினதாலதான் பார்க்கணும்."

"முகம் ஏன் இப்படி இருக்கு? அந்த டிரைவர் விஷயமா? நீதான் கையெழுத்துப் போட்டுட்டியே, முடிஞ்சுபோச்சுல்ல."

"போட்டதாலதான் முடியல."

ஏழரைக்கெல்லாம் அலுவலகம் வந்துவிட்டாள். உட்கார்ந்தாள், எழுந்தாள், ஜன்னலைத் திறந்தாள், சத்தம் என்று மூடினாள். டிரைவர் கைப்பட எழுதிய விளக்கம் மேஜையில் கிடந்தது. ஏற்கெனவே படித்ததுதான். 'முதல் கடைக்கான பெட்டி வண்டியின் கடைக்கோடியில் கிடந்தது, எடுக்கவே இருபது நிமிஷம் ஆச்சு. ஆறாவது கடைக்கு மட்டும் எப்பவும்போல பன்னிரண்டுக்குப் போயிட்டேன், கேட்டுப் பாருங்க.' பக்கத்தில் மேலாளர் சிவப்பு மையில் 'சமாளிப்பு' என்று எழுதியிருந்தார்.

ஆறாவது கடை. அவள் நின்றுவிட்டாள்.

நிரலில் இப்படி வரிசையாக வைத்த பொருள்களுக்கு அணி என்று பெயர். ஓர் அணியைத் தலைகீழாக்க வேண்டுமென்றால் முதலாவதும் கடைசியும் இடம் மாறிக்கொள்ளும். இரண்டாவதும் கடைசிக்கு முந்தையதும் மாறிக்கொள்ளும். இப்படி இரு பக்கமிருந்தும் உள்ளே வந்துகொண்டே இருந்தால், பதினொன்றில் ஒன்று மட்டும் அசையாது. அது ஆறாவது. அந்த மூன்று நாளும் அந்தக் கடைக்காரருக்கு உலகம் ஒழுங்காக இருந்திருக்கிறது.

பெட்டிகள் சரியாகத்தான் ஏறியிருந்தன. டிரைவரின் வரிசைதான் கவிழ்ந்திருந்தது. ஆனால் எப்படி? அவள் பார்த்தபோது சரியாக இருந்ததே! கிடங்குக்கு ஓடினாள்.

"அண்ணே, ஏத்துற பட்டியலை எப்படி எடுப்பீங்க?"

கிடங்கு மேற்பார்வையாளர் நாற்காலியில் வலது காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். "எப்படின்னா? பட்டனை அமுக்குவேன், தாள் வரும். இன்னொரு தடவை அமுக்குவேன், இன்னொரு தாள் வரும். ஒண்ணு ஏத்துற ஆளுக்கு. ஒண்ணு ஃபைலுக்கு."

"ஃபைலுக்கு ஜெராக்ஸ் எடுத்தா போதாதா?"

"ஜெராக்ஸ் மெஷின் மாடியில இருக்கு. என் முழங்கால் கீழே இருக்கு."

"இடையில நீங்க லீவுல இருந்தீங்களே, அப்போ?"

"மூணு நாள் கணக்குப் பிரிவு ஆள் வந்து உட்கார்ந்தாரு. மகா சிக்கனம். ஒரே தாளோட நிறுத்திட்டாரு. ஃபைல்ல மூணு நாளும் ஓட்டை! வந்ததும் ஒரு பிடி பிடிச்சேன்ல."

எந்த மூன்று நாள் என்று அவள் கேட்கவில்லை. ஃபைலைப் புரட்டினாள். ஏற்று பட்டியல் என்று தலைப்பு. ஆனால் தாள்கள் எல்லாமே, கடைசியில் வர வேண்டிய மருத்துவமனையில் தொடங்கின. ஒரு வருடமாக எல்லாமே தப்பான தாள்கள். ஃபைலில் போவதை யாரும் படிப்பதில்லை என்பதால் யாருக்கும் நஷ்டமில்லை.

அவள் எழுதிய மொழியில் அணியைத் தலைகீழாக்க இரண்டு வழி உண்டு. ஒன்று, மூலத்தை அப்படியே விட்டுவிட்டுத் தலைகீழாக ஒரு நகல் எடுத்துத் தரும். மற்றது, மூலத்தையே கவிழ்த்துவிடும். அவள் இரண்டாவதை எழுதியிருந்தாள். பட்டனை ஒரு தடவை அமுக்கினால் தாளோடு டிரைவரின் வரிசையும் கவிழும். இரண்டாம் தடவை அமுக்கினால் நிமிரும். ஒரு வருடம் நிறுவனம் ஓடியது அவளுடைய நிரலால் அல்ல, ஒரு முழங்காலால். அவளும் தன் பங்குக்கு இரண்டு தடவைதான் அமுக்கிச் சோதித்தாள். முதல் தாளை வரி வரியாகப் படித்தாள். இரண்டாவது தாள் வந்ததா என்று மட்டும் பார்த்தாள். பிறகு டிரைவரின் வரிசையைத் திறந்தாள். அது நிமிர்ந்து நின்றது.

படியேறும்போது கால் தானாக நின்றது. ஒரே வரிதான். மாற்றி எழுத அரை நிமிஷம். மாற்றிவிட்டுப் பேசாமல் இருந்தால் நிதானம் வீட்டுக்குப் போவார், வேறு டிரைவர் வருவார், புகாரே வராது. புது டிரைவர் பொறுப்பானவர் என்று எல்லோரும் மெச்சுவார்கள். அந்த யோசனை எவ்வளவு ஒழுங்காக, ஒரு ஓட்டை இல்லாமல் வந்து நின்றது என்பதுதான் அவளை பயமுறுத்தியது. மீதிப் படிகளை ஓடியே ஏறினாள்.

மேலாளர் அறையில் விசாரணை ஏறக்குறைய முடிந்திருந்தது. வண்டிச் சாவி மேஜையில் இருந்தது. நிதானம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க வரவே வேண்டியதில்லையே மேடம்," என்றார் மேலாளர். "அதான் ரெண்டு தடவை சோதிச்சு எழுதிக் குடுத்திருக்கீங்களே."

"அதுதான் சார் தப்பு. ஒரே தடவை சோதிச்சிருந்தா கண்டுபிடிச்சிருப்பேன்."

மேலாளருக்கு அது நகைச்சுவையா என்று புரியவில்லை. அவள் ஃபைலைப் பிரித்து வைத்து, நின்றபடியே, மூச்சு விடாமல் சொன்னாள். ஆறாவது கடை வரும்போது நிதானம் தலையை நிமிர்த்தினார்.

"சரி, சிஸ்டம் கோளாறு," என்றார் மேலாளர்.

"சிஸ்டம் இல்ல சார். நான்."

"அப்படியெல்லாம் எழுத வேண்டாம்மா. தொழில்நுட்பக் காரணம்னு போட்டுடலாம். யார் பேரும் வராது."

"என் விஷயத்துல மட்டும் பேரு, விலாசம், லைசென்ஸ் நம்பர் எல்லாம் வந்துச்சே சார்," என்றார் நிதானம், சாவியைப் பார்த்தபடியே.

அவள் ஒரு வெள்ளைத் தாளை இழுத்து, முந்தைய அறிக்கை தவறு, பிழை தன்னுடையது, டிரைவர் சொன்னது அத்தனையும் உண்மை என்று எழுதினாள். முழுப் பெயரையும் எழுதினாள். மேலாளர் அதை வாங்கிப் படித்துவிட்டு, சாவியை ஒரு விரலால் நகர்த்தினார்.

நிதானம் நன்றி சொல்லவில்லை. "மேடம், மணி ஒன்பதேகால். ஆஸ்பத்திரிக்கு இன்னைக்கும் லேட்டுதான். இதுக்கு யாரு பொறுப்பு?"

அவள் மேலாளரின் மேஜைத் தொலைபேசியை, கேட்காமலேயே, எடுத்தாள். மறுமுனையில் மருத்துவமனை மருந்தாளுநர் குரல் அறை முழுக்கக் கேட்டது: "மறுபடியும் அந்த டிரைவரா?"

"இல்லைங்க. அவர் இல்லை. அவர் ஒருநாளும் இல்லை. நான்தான்."

கதவைப் பிடித்தபடி நின்றிருந்த நிதானம் அந்த வாக்கியம் முடியும்வரை காத்திருந்தார். பிறகு, வாழ்க்கையில் முதல் தடவையாக, படிகளில் வேகமாக இறங்கினார்.