பதினோராவது சாம்பிளும் வைக்கோல் தீயும்

நாலு மாசம் உக்காந்து செஞ்ச பொருளை நீங்களே கொண்டுபோய் தீயில காட்டியிருக்கீங்களா? நான் காட்டினேன். அதுவும் பாலிமர் இன்ஜினியரிங் படிச்சுட்டு.

மேட்டர் இதான். பறைக்கு மாட்டுத்தோலுக்குப் பதிலா பாலியஸ்டர் ஷீட். தஞ்சாவூர் பைபாஸ் பக்கம் மூடிப்போன ஒரு ரைஸ் மில் ஷெட்டுல நானும் என் காலேஜ் ரூம்மேட்டும் செய்யுறோம். மழையில ஊறாது. அடிக்கறதுக்கு முன்னாடி வைக்கோலைக் கொளுத்தி காய்ச்சவே வேணாம். ஐப்பசி மழையில காஞ்ச வைக்கோலுக்கு எங்க போறது, சொல்லுங்க? ஆனா சத்தம்தான் எங்களைப் படுத்தி எடுத்துச்சு. மொத சாம்பிள், எவர்சில்வர் குடத்தைத் தட்டின மாதிரி டொய்ங்குது. ரெண்டு ஷீட்டை ஒட்டிப் பாத்தோம், அட்டைப்பொட்டியைத் தட்டின சத்தம். பதினோராவதுதான் பறையா பேசுச்சு.

பேராவூரணில ஒரு அக்கா, பொம்பளைங்க மட்டும் அடிக்கிற பறை செட்டு வச்சிருக்காங்க. "ஒரு கல்யாண ஊர்வலம் முழுக்க தாங்கட்டும் தம்பி, எட்டு பறைக்கும் உன்னுதையே போட்டுக்குறோம்"ன்னாங்க. எங்களுக்கு மொத ஆர்டர். இது போச்சுன்னா ரூம்மேட் ஓசூருக்கு வேலைக்குக் கிளம்பிடுவான். ஷெட்டுக்கும் பூட்டுதான்.

கல்யாணத்தன்னைக்கு சாயங்காலம் தூறல். மண்டபத்துக்குப் பின்னாடி தகரக் கொட்டாயில செட்டு மொத்தமும் தோல் பறையைக் காய்ச்சிட்டு இருந்தாங்க. நான் மட்டும் புது பறையைப் பிடிச்சுக்கிட்டு சும்மா நிக்கிறேன். கால் ஒரு எடத்துல நிக்கல. போனை எடுக்குறேன், வைக்குறேன், மறுபடி எடுக்குறேன். எங்கப்பாவும் பறை அடிச்சவருதான். அவர் பறையைக் காய்ச்சிக் குடுத்தே வளந்த கை இது.

அக்கா சத்தம் போட்டாங்க: "மாப்ள வந்தாச்சு, சீக்கிரம் காய்ச்சுங்கடி!"

என் கை புது பறையோட தானா தீப்பக்கம் நீண்டுடுச்சு. மூணு செகண்ட் இருக்கும். ஷீட்டு அப்பளம் மாதிரி சுருண்டு நடுவுல ஓட்டை.

"டேய்ய்ய்!"ன்னான் பக்கத்துல நின்ன ரூம்மேட்.

"காய்ச்ச வேணாம்னு எங்களுக்கு ஒரு மணி நேரம் கிளாஸ் எடுத்தியே தம்பி, நீ லீவா அன்னைக்கு?"ன்னு செட்டுல இன்னொரு அக்கா கேக்க, மொத்த செட்டும் சிரிச்சுது.

செட்டு நடத்துற அக்கா மட்டும் சிரிக்கல. ஓட்டைக்குள்ள விரலை விட்டுப் பாத்தாங்க. "செஞ்ச நீயே காய்ச்சுற. என் புள்ளைங்க காய்ச்ச மாட்டாளுங்களா? தீயில காட்டினாலும் தாங்குறதா கொண்டா. இல்லன்னா இந்தப் பக்கம் வராத."

ரூம்மேட் ஓசூர்காரங்ககிட்ட பத்து நாள் டைம் கேட்டான். சூடு தாங்குற வேற ஷீட்டைத் தேடி அலைஞ்சோம். கிடைச்சுது, ஆனா மறுபடியும் அதே குடம் சத்தம். இழுத்தோம், தளர்த்தினோம், வளையத்தை மாத்தினோம், ஒரு வழியா பறையா பேசுச்சு. இன்னைக்குக் காலைல வைக்கோல் கொளுத்தி, நல்லா காய்ச்சி, அந்தச் சூட்டோடயே அடிச்சு, வீடியோ எடுத்து அக்காவுக்கு வாட்ஸப்புல அனுப்பினேன். இன்னைக்குத்தான் பத்தாவது நாள்.

ரெண்டு டிக்கும் நீலமாயி ஒரு மணி நேரம் ஆச்சு. அக்கா இன்னும் எதுவும் அனுப்பல.