மேட்டுப் பள்ளிக்குக் கோட்டு விற்றவர்

இங்கிலாந்தில் டெவன் பக்கம் எங்கள் ஊர் ஆல்டர்கோம். மேட்டின் மேல் ஆல்டர்கோம் காலேஜ்; பெயர்தான் காலேஜ், பணம் கட்டிப் படிக்கும் பள்ளிக்கூடம். ஆற்றோரம் அரசுப் பள்ளி. அங்கேதான் நான் படித்தேன், பிறகு அங்கேயே அலுவலகத்தில் வேலைக்கும் சேர்ந்தேன்.

மேலே இருந்ததைச் சட்டம் தர்ம ஸ்தாபனம் என்று சொன்னது, அதனால் வரி கிடையாது. ஒரு பிள்ளையின் ஒரு வருடக் கட்டணம் எங்கள் ஊர் நர்ஸ் ஒருத்தியின் வருடச் சம்பளத்தை விழுங்கிவிட்டு ஏப்பம் விடும். ஆனாலும் தர்மம்தான். அவர்கள் பிள்ளைகள் காலை உணவுக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து, வாரம் ஒரு நாள் எங்கள் பிள்ளைகள் அவர்கள் நீச்சல்குளத்தில் இறங்கலாம். கிறிஸ்துமஸுக்கு எங்கள் பிள்ளைகளை அழைத்துப் பாடவைத்து ஆளுக்கொரு மின்ஸ் பை, உள்ளே உலர்திராட்சை வைத்த பண்டம், கொடுப்பார்கள். ஏழைகளுக்கு உதவித்தொகை என்று ஒன்றும் இருந்தது. அது எப்படியோ வழி விசாரித்துக்கொண்டு கர்னல்களின் பேரன்களிடம் போய்ச் சேர்ந்துவிடும்.

இந்தத் தர்மத்துக்கு எங்கள் கடைத்தெருவில் ஒரு பூசாரி இருந்தார். பெயர் டென்ஸில் ப்ரௌஸ். காலேஜ் சீருடை விற்கும் கடை அவருடையது. மெரூன் நிறக் கம்பளிக் கோட்டு, மார்பில் தங்க நூலில் கழுகுச் சின்னம். அவர் அந்தக் காலேஜில் படித்தவரில்லை. ஆனால் பழைய மாணவர்கள் கட்டும் டையைப் போலவே ஒரு டை கட்டிக்கொள்வார். கோடுகள் மட்டும் மறுபக்கம் சாய்ந்திருக்கும், யாரும் கேட்டுவிடக் கூடாதே என்று. காலேஜ் தாய்மார்கள் கடைக்குள் வந்தால் முதுகு தானாக வளையும். நாங்கள் போய் ஒரு பட்டன் கேட்டால், "இருங்க, வரேன்" என்று உள்ளே போனவர் டீ குடித்துவிட்டுத்தான் வருவார்.

அவர் மகள் மொர்வென்னா கணக்கில் கெட்டிக்காரி. பதினொரு வயதில் காலேஜ் உதவித்தொகைப் பரீட்சை எழுதினாள். அப்போதிருந்த தலைமையாசிரியர் டென்ஸிலைக் கூப்பிட்டு, "உங்க பொண்ணுக்குக் கீழ இருக்கற பள்ளிதான் சந்தோஷமா இருக்கும்னு தோணுது" என்றார். டென்ஸில் அவருக்கு நன்றி சொல்லிவிட்டு வந்தார். வீட்டுக்கு வந்து, "எவ்வளவு அக்கறையா எடுத்துச் சொன்னாரு தெரியுமா!" என்று பெருமைப்பட்டாராம். இதைச் சொன்னது மொர்வென்னாதான். இப்போது அவள் எங்கள் பள்ளியில் கணக்கு ஆசிரியை.

அந்த வருடத் தேர்தலில் தனியார் பள்ளிக் கட்டணத்துக்கு வரி போடுவோம் என்று எதிர்க்கட்சி கிளம்பியது. மேட்டில் இடி விழுந்தது. அப்போது தலைமையாசிரியர் டாக்டர் பியர்ஸ் லெத்பிரிட்ஜ். கட்டணம் கட்டும் பெற்றோரைத் தொலைக்காட்சியில் உட்காரவைத்தால் ஊர் சிரிக்கும் என்று தெரிந்த அளவுக்கு அவருக்கு மூளை இருந்தது. சாதாரண மனிதன் ஒருவன் வேண்டும். டென்ஸிலை மேலே அழைத்து ஷெர்ரி ஒயின் ஊற்றிக் கொடுத்தார்.

"நாங்க பேசினா பணக்காரன் அழறான்னுவாங்க, டென்ஸில். நீங்க பேசினா நாடு கேக்கும்."

நாடு கேட்குமாம்! டென்ஸில் மேட்டிலிருந்து தரையில் கால் பாவாமல் இறங்கி வந்தார்.

பேசினார், வானொலியில், தொலைக்காட்சியில், மாதாகோவில் வாசலில். கடைசியில் ஊர் மன்றத்தில் வரியைப் பற்றி விவாதம். ஒருபக்கம் எதிர்க்கட்சி வேட்பாளர் ஹாரியட் வென்னிங், மறுபக்கம் காலேஜ் சார்பில் டென்ஸில்.

"நான் சாதாரணக் கடைக்காரன். இந்த வரி வந்தா அடிபடப்போறது பணக்காரங்க இல்லீங்க. வாயக் கட்டி வயித்தக் கட்டிப் பிள்ளைய அனுப்பற குடும்பங்கதான்!"

முன்வரிசையில் பச்சை மழைக்கோட்டுப் போட்ட காலேஜ் பெற்றோர் கை தட்டினார்கள். வென்னிங் அம்மாள் எழுந்து, "அந்த வரிப்பணத்துல உங்க ஆத்தோரப் பள்ளிக்கு ஃபிசிக்ஸ் வாத்தியார் வருவாரு" என்றார். பின்வரிசையில் நாங்கள் கை தட்டினோம். நாங்களும் முட்டாள்கள்தான்.

மொர்வென்னா எழுந்தாள். "மிஸ்டர் ப்ரௌஸ், ஒரு கேள்வி."

மகள் அப்பாவை மிஸ்டர் என்றதும் மன்றம் சிரித்தது.

"வயித்தக் கட்டி அனுப்பற குடும்பம் நம்ம ஊர்ல ஒண்ணச் சொல்லுங்க. பேரு வேணாம். தெரு சொன்னாப் போதும்."

டென்ஸில் டையைச் சரிசெய்துகொண்டார். "அதெல்லாம்... அந்தரங்க விஷயம்."

"நம்ம ஊர்ல எந்தத் தெருப்பா அந்தரங்கம்?"

கூரை பறக்கச் சிரித்தோம். டென்ஸில் முகம் அவர் விற்கும் கோட்டின் நிறத்துக்கு வந்தது. அன்றிலிருந்து மகளோடு பேச்சை நிறுத்திவிட்டார். லெத்பிரிட்ஜோ சிரித்தவர்களை மேடையிலிருந்து பார்த்தாரே தவிர, டென்ஸில் தோளில் ஒரு கை வைக்கவில்லை.

வென்னிங் ஜெயித்தார். வரி வந்தது. காலேஜ் முதலில் செய்த காரியம், நீச்சல்குளத்தை ஊர்ப் பிள்ளைகளுக்கு மூடியது. இரண்டாவது, உதவித்தொகையை நிறுத்தியது. மூன்றாவது, துபாயிலும் கஜகஸ்தானில் அல்மாட்டியிலும் பள்ளி நடத்தும் ஒரு கம்பெனியிடம் தன்னையே விற்றுக்கொண்டது. நானூறு வருடத் தர்மம் வரிச்சலுகை போன மறுவருடமே தாங்காமல் செத்தது. பிணம் மட்டும் லாபத்தில் நடந்தது.

டென்ஸிலுக்கு இதெல்லாம் அரசாங்கத்தின் கொடுமை. "பாவம், அவங்க என்ன பண்ணுவாங்க!" என்றார். கோடையில் வழக்கம்போல் புதுக் கோட்டுகளை வரவழைத்து அடுக்கினார். ஆகஸ்டில் ஒருவர்கூடக் கடைக்கு வரவில்லை. "எல்லாரும் வெளிநாட்டுல இருப்பாங்க" என்றார்.

செப்டம்பரில் பள்ளி திறந்த அன்று காலை கடைத்தெருவில் பஸ்கள் வந்தன. டென்ஸில் ஒவ்வொரு வருடமும் போல வாசலில் நின்று தலை தாழ்த்தினார். நான் எதிரே ரொட்டிக் கடையில் இருந்தேன். பஸ் ஜன்னல்களில் எல்லாப் பிள்ளைகளும் நீலக் கோட்டு. முதல் பஸ் போயிற்று, நீலம். இரண்டாவது, நீலம். கம்பெனியின் எல்லாக் கிளைகளுக்கும் ஒரே நிறம், இணையத்தில் வாங்குவது. கடைக்காரருக்கு ஒரு வார்த்தை சொல்ல மேட்டில் யாருக்கும் தோன்றவில்லை. தாழ்த்திய தலையை எப்போது நிமிர்த்துவது என்று தெரியாமல் அந்த மனிதர் நின்றதைப் பார்க்க எனக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது.

ஒரு கோட்டைக் கையில் மடித்துப் போட்டுக்கொண்டு மேலே போனார். வாசல் காவலாளி அவரை வெளியிலேயே நிற்கவைத்தான். பிறகு லெத்பிரிட்ஜ் இறங்கி வந்தார்.

"மாற்றம் எல்லாருக்குமே வலிதான், டென்ஸில். எனக்கும்தான். அந்தக் கோட்டுகள வீணாக்காதீங்க, எங்ககிட்ட குடுத்துடுங்க. கென்யாவுல ஒரு ஏழைப் பள்ளியோட பேசிட்டிருக்கோம்."

"கென்யாவுலயா சார்? கம்பளியாச்சே..."

"காலைல குளிரும்."

இதைக் கேள்விப்பட்ட மொர்வென்னா கோபதாபத்தை விட்டுவிட்டு அப்பாவிடம் ஓடினாள். எங்கள் பள்ளியில் குளிருக்குக் கோட்டு இல்லாத பிள்ளைகள் நிறைய.

"அவங்களுக்கு எதுக்குப்பா? எங்க பசங்களுக்குக் குடுங்க."

"உங்க பசங்களா? கழுகுச் சின்னத்தையா?" டென்ஸில் உண்மையாகவே பதறினார். "ஒரு தராதரம் வேணாமா, மொர்வென்னா!"

எல்லாவற்றையும் பெட்டிகளில் கட்டி, தன் வேனிலேயே ஏற்றி மேட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார். அடுத்த மாதம் காலேஜ் பத்திரிகையில் 'ஆப்பிரிக்கக் குழந்தைகளுக்கு நம் காலேஜின் கொடை' என்று பக்கம் முழுக்கச் செய்தி. ப்ரௌஸ் என்ற பெயர் எங்கும் இல்லை. டென்ஸில் அதையும் வெட்டிக் கடைச் சுவரில் ஒட்டினார்!

நவம்பரில் ஒரு சனிக்கிழமை காலேஜ் ரக்பி ஆட்டம் பார்க்கப் போனார். மழை பிடித்துக்கொள்ள, ஒதுங்குவதற்காக விளையாட்டுக் கொட்டகையின் பின்பக்கம் போனார். அங்கே அவர் பெட்டிகள் வெட்டவெளியில் கிடந்தன, அவர் கட்டிய கயிறு அவிழ்க்கப்படாமல். மேலே இருந்தவை ஊறி, அட்டை கிழிந்து, கோட்டுகள் சேற்றில் கிடந்தன. ஒன்றை விரித்து, பெயிண்ட் அடிப்பவர்கள் டப்பாவை அதன்மேல் வைத்திருந்தார்கள்.

இத்தனை வருட அவமானத்துக்கு வராத கோபம், நல்ல கம்பளி நனைந்ததற்கு வந்தது. கொட்டும் மழையில் மகளுக்குப் போன் போட்டார். கோட்டுச் சண்டைக்குப் பிறகு மறுபடியும் பேசாதிருந்தவர் சொன்னது ஒன்றுதான்: "வேனை எடுத்துக்கிட்டு வா."

சாவி கடையிலேயே தொங்கும். அதை எடுத்துக்கொண்டு அவள் போகும் வழியில் என்னையும் ஏற்றிக்கொண்டாள். மூவருமாகப் பெட்டிகளை ஏற்றினோம். காவலாளி ஓடிவந்தான். "யார் அனுமதி குடுத்தது?"

"தள்ளுடா!" என்றார் டென்ஸில். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு சொல் வந்து நான் கேட்டதே இல்லை.

அவர் திருந்திவிட்டார் என்று நினைத்தால் தப்பு. காய்ந்த கோட்டுகளை ஆற்றோரப் பிள்ளைகளுக்குக் கொடுக்கச் சம்மதித்தார். ஆனால் ஒரு நிபந்தனை: கழுகைத் தன் கையால் பிரித்த பிறகுதான். காலேஜை எதிர்த்து அல்ல. எங்கள் பிள்ளைகளுக்கு அந்தக் கழுகு தகாது என்பதற்காக!

"அவங்க உங்கள மழைல போட்டுட்டாங்கப்பா, இன்னுமா?" என்றாள் மகள்.

"அது அவங்க தப்பு. சின்னம் என்ன பண்ணிச்சு?"

அவளுக்கு அழுகையா சிரிப்பா தெரியவில்லை. கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்தாள். பேச்சு அப்படித்தான் மறுபடி தொடங்கியது.

அந்தக் குளிர்காலம் எங்கள் பள்ளி முழுக்க மெரூன். மார்பில் கழுகு இருந்த இடம் மட்டும் சற்றுக் கருத்துத் தெரியும். வென்னிங் அம்மாள் வந்து அந்தப் பிள்ளைகள் நடுவில் நின்று படம் எடுத்துக்கொண்டு, இது புதிய கல்விக் கொள்கையின் வெற்றி என்று இணையத்தில் போட்டார். ஃபிசிக்ஸை இன்னமும் விளையாட்டு வாத்தியார்தான் எடுக்கிறார். லெத்பிரிட்ஜ் பதவி உயர்வு பெற்று அல்மாட்டிக்குப் போய்விட்டார்.

டென்ஸிலின் கடையில் இப்போது எங்கள் பிள்ளைகளின் கால்சட்டைகளுக்கு நீளம் குறைக்கிறார்கள். போன வாரம் என் மகளுடையதைக் கொண்டுபோனேன். வாங்கிப் பார்த்தவர் மூக்கைச் சுளித்து, "பாலியஸ்டர்" என்றார். பிறகு, "இருங்க, வரேன்" என்று உள்ளே போனார். டீ குடித்துவிட்டுத்தான் வந்தார்.