நான் நிரப்பிய படிவம்

என் மகள் கோவையில் ஒரு கல்லூரியில் தாவரவியல் படிக்கிறாள். போலியோவால் இடது காலில் காலிப்பர் என்கிற இரும்புத் தாங்கியை மாட்டித்தான் நடப்பாள். போன வருடம் சத்தியமங்கலம் காட்டுக்குச் செடி சேகரிக்கப் போவதற்கான சம்மதப் படிவம் என் பெயருக்குத் தபாலில் வந்தது. மேட்டில் விழுந்துவிடுவாளே என்ற பயத்தில், அவளைக் கேட்காமலே "இயலாது" என்று எழுதித் திருப்பி அனுப்பிவிட்டேன்.

நாலு நாள் கழித்து, "ஏனுங்கப்பா, லிஸ்ட்ல என் பேரை அடிச்சுட்டாங்க. எனக்கு முடியாதுன்னு நீங்களா எழுதிப்போட்டீங்களா?" என்று அழுதாள்.

மறுநாளே பேராசிரியரைப் போய்ப் பார்த்தேன். "உங்க பொண்ணு முன்னாடியே வந்து பேசிருச்சுங்க. பஸ்ல முன் சீட்டு வேணும், ஏத்தத்துல மத்தவங்களுக்குப் பத்து நிமிஷம் முந்திக் கிளம்போணும்னு கேட்டுது. நானும் சரின்னு சொல்லியிருந்தேன். நீங்க எழுதினதப் பார்த்துத்தான் பேரை அடிச்சேனுங்க" என்றார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வதென்று தெரியவில்லை.

பேரை மறுபடி சேர்த்தார்கள். போனாள். ஒரு தரம் விழுந்தாளாம், அவளே எழுந்தாளாம்.

இந்த வருடமும் படிவம் வந்தது. அடியில் என் கையெழுத்தை மட்டும் போட்டு, மற்றதையெல்லாம் காலியாக விட்டு, பேனாவோடு அவளிடம் கொடுத்துவிட்டேன்.