கொசுவம் பிடித்தவள்

காரைக்குடியில் போட்டோ எடுத்தவர் மாயக்கண்ணு ஆசாரி. அவர் எடுத்த பெண்களின் படம் எல்லாவற்றிலும் இன்னொருத்தியும் உண்டு. கண்ணுக்குத்தான் தெரியமாட்டாள். அவர் மனைவி சோணையம்மாள்.

அந்தப் பக்கத்துப் பெண்கள் சேலைக் கொசுவத்தைப் பின்னால் விட்டுக் கட்டுவார்கள். வெளிச்சத்துக்காக வெட்டவெளியில் நிறுத்தினால் ஆடிக் காற்று அதைப் பிரித்து மேய்ந்துவிடும். ஆண்பிள்ளை கைவைத்துச் சரிசெய்ய முடியுமா? ஒடிசலான சோணையம்மாள்தான் பின்னால் குந்தி, கொசுவத்தை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். "இதெல்லாம் ஒரு உத்தியோகமா?" என்று ஆசாரி கேலி செய்வார். அவள் இல்லாமல் ஒரு படம் எடுத்துப் பார்க்கட்டுமே!

ஒரு ஆடியில் நெற்குப்பையிலிருந்து ஆள் வந்தது. ரங்கூனுக்குக் கொண்டுவிக்க, அதாவது வட்டிக்கடை நடத்த, போன முத்தையா செட்டியார் மூன்று வருஷக் கணக்கு முடிந்தும் திரும்பவில்லை. அங்கேயே குடித்தனம் வைத்துவிட்டார் என்று ஊர் மென்றது. பெண்டாட்டி படத்தைப் பார்த்தாவது வரட்டும் என்று அவருடைய தாயார் பெரிய ஆச்சி ஏற்பாடு செய்திருந்தார்.

மருமகள் வள்ளிக்கண்ணுவை நகையெல்லாம் பூட்டி நிறுத்தினார்கள். "என் மொகமே அவுகளுக்கு மறந்திருக்கும் சோணை" என்றாள் அவள், மெதுவாக. சோணையம்மாள் தலையைத் தூக்கி அவளைப் பார்த்தாள். பிடி தளர்ந்த அந்த நேரம் பார்த்து ஒரு காற்று. கொசுவம் பறந்தது, முந்தானை எழும்பியது. வள்ளிக்கண்ணு பதறிச் சேலையை அமுக்கிக்கொண்டே சிரித்துவிட்டாள். ஆசாரியும் பட்டென்று எடுத்துவிட்டார்.

"கூத்தாடிச்சியாட்டம் இருக்கு! வேற எடும்" என்றார் பெரிய ஆச்சி. இரண்டாவது படத்தில் ஒரு நூல் அசையவில்லை.

வீட்டில் இரண்டையும் கழுவிப் போட்டபோது சோணையம்மாள் வெகுநேரம் பார்த்தாள். இரண்டாவதில் நகை இருந்தது. முதலாவதில்தான் வள்ளிக்கண்ணு இருந்தாள். ரங்கூனுக்குக் கப்பலேறுகிற ஒருவரிடம் படத்தை உறையில் போட்டுச் சேர்க்கச் சொல்லியிருந்தார் பெரிய ஆச்சி. யாரிடமும் சொல்லாமல் அதில் முதல் படத்தை வைத்தாள். தெரிந்தால் ஒரு செட்டியார் வீட்டிலும் தன் புருஷனை நுழைய விடமாட்டார்கள், சோற்றில் மண்தான். தெரிந்தேதான் செய்தாள்.

மாசியில் முத்தையா வந்து இறங்கினார். தம்பதியாகப் படம் எடுக்க மறுபடி ஆசாரியையே கூப்பிட்டார்கள்.

"ஏன் இப்புடி வெறச்சு நிக்கிறே?" என்றார் முத்தையா. "அந்தப் படத்துல சிரிச்சியே, அதப் பாத்துத்தானே கப்பலேறுனேன்!"

பெரிய ஆச்சி திரும்பினார். "சிரிச்ச படமா? அத அனுப்பச் சொல்லலையே. யாரு பாத்த வேலை இது?"

ஆசாரிக்கு ஒன்றும் விளங்கவில்லை, மனைவி பக்கம் பார்த்தார். குந்தியிருந்த சோணையம்மாளுக்குக் கை வெடவெடத்தது. அந்த நடுக்கம் கொசுவத்தின் வழியே வள்ளிக்கண்ணுவுக்கும் தெரிந்திருக்க வேண்டும்.

"நாந்தான் அயித்தை, மாத்தி அனுப்பச் சொன்னேன்" என்றாள் வள்ளிக்கண்ணு.

அவள் சொல்லவேயில்லை. மாமியாருக்கு எதிரில் அவள் வாய் திறந்ததே அன்றைக்குத்தான். சோணையம்மாள் பிடியை விடாமல், சத்தம் வராமல் அழுதாள்.